பிடுங்கிய வேலி

இஸ்ஃபாரா, வெள்ளிக்கிழமை

கோபித்துக்கொண்டு ஊரை விட்டே போன என் தங்கை மகளே, சலாம்!

ஜெயித்துவிட்டோம்! நீ கன்று நட்ட அந்தக் கற்சரிவு இனி உனக்கே. பள்ளிவாசலில் ஐந்நூறு பேர் கூடியிருந்தார்கள். நீ ஆயிரம் என்றே வைத்துக்கொள்.

"தரிசுல வேலி போட்டு மூணு வருஷமாச்சு. உள்ள என்னதான் வளத்தாங்க?" என்றார் இமாம்.

"வேலியத்தான் வளத்தாரு மனுஷன்!" என்று உன் மாமி கத்தினாள். ஒரே சிரிப்பு.

"மூணு வருஷம் சும்மா போட்டா வேலிக்கு உரிமை கிடையாது. ஆப்ரிகாட் பழக்கன்னு நட்டு உசுரு குடுத்தவளுக்குத்தான் நிலம்" என்று தீர்ப்புச் சொன்னார் இமாம்.

சிங்கம்போல் எழுந்தேன். "நானே பிடுங்குறேன்!" கைதட்டலில் மலையே ஆடியது. நாற்பது கம்பங்களையும் தனியாளாகப் பிடுங்கினேன். எது எவ்வளவு ஆழம் என்று மூன்று வருஷம் முன்பு அடித்து இறக்கியவனுக்குத்தானே தெரியும்?

அவை இப்போது உன் கன்றுகளுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன. பூப்பதற்குள் வந்துவிடு.

வெற்றிக் களைப்புடன்,
உன் மாமா