மருத்துவத்துக்குக் கீழே இரண்டு வரிகள்

எம்மன்புரூக்கே
12 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

லாரா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார். நீங்களும் அங்கே மலை மேலே, ஹோட்டல் சமையலறையின் பின்கதவில் குளிரில் நின்று பேசுவீர்கள். சில விஷயங்கள் அப்படிச் சொல்ல வருவதில்லை. மழை, பனி பாராமல் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களே, அதன் பலனை இப்போது நீங்களே அனுபவியுங்கள்.

கன்டோன்சூலேயில் எனக்கு இது கடைசி வருடம், அடுத்தது பல்கலைக்கழகம் என்பதால் ஒவ்வொருவராகப் படிப்பு ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். வியாழக்கிழமை என் முறை. என் புள்ளிகளை விரித்து வைத்துக்கொண்டு, "கிடைப்பது கடினமான இடம் ஒன்று, உனக்குப் பொருந்துகிற இடம் ஒன்று, நிச்சயம் கிடைக்கிற இடம் ஒன்று, மூன்றையும் எழுது" என்றார்.

முதலில் மருத்துவம் என்று எழுதினேன். அதற்குத் தனியாக நுழைவுத் தேர்வு இருக்கிறது, அப்பா. எழுதுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் கீழே, வின்ரத்தூரில் பிசியோதெரபி என்று எழுதினேன். அதற்கும் கீழே லுட்சேர்ன் ஆசிரியர் கல்லூரி. பிசியோதெரபிக்கு விண்ணப்பிக்கும் திகதி இந்த வாரத்துடன் முடிகிறது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். சொல்வீர்களா?

அன்பு மகள்
லாரா


பொன்ட்ரெசினா
20 ஜனவரி 2025

என் செல்ல மகள் லாராவுக்கு,

மாதாவின் காவலில் நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள். உன் எழுத்து அம்மாவின் எழுத்தைவிட அழகு. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

இங்கே பனி குவிந்து கிடக்கிறது, ஹோட்டல் நிரம்பி வழிகிறது. மத்தியானச் சமையல் முடிந்து அறைக்கு வந்தால் மாலை வேலை தொடங்கும் வரை பேச ஆள் இல்லை. ஊழியர் விடுதியில் மற்ற எல்லோரும் போர்த்துக்கீசர். கண்டால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், அத்துடன் சரி. உன் கடிதம் வந்த அன்று வீட்டுக்கு ஆள் வந்தது போல இருந்தது.

உன் பட்டியலுக்கு வருகிறேன். நானும் மூன்று எழுதுகிறேன், பார். சூரிச்சில் மருத்துவம். பேர்னில் மருத்துவம். இரண்டும் இல்லாவிட்டால் புடாபெஸ்டில் மருத்துவம். லண்டன் சித்தப்பாவின் மகள் அங்கேதானே படிக்கிறாள்.

எங்கள் பிள்ளைகளின் பெயரைக் கண்டதும் ஒரு படி கீழே இறக்கிச் சொல்வது இந்த நாட்டில் புதிதல்ல. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோதும் "கன்டோன்சூலே இவளுக்குக் கஷ்டம்" என்றுதான் ஆசிரியர் சொன்னார். நான் விட்டேனா? பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். இன்று அதே கன்டோன்சூலேயில் கடைசி வருடம் என்று நீயே எழுதுகிறாய்.

எங்கள் தலைமைச் சமையற்காரர் என்னைக் காணும்போதெல்லாம், "பீற்றர், உன் மகள் எப்போது டொக்டர் ஆவாள்? என் முழங்காலைக் காட்ட வேண்டும்" என்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

அம்மாவிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கவனமாகப் படி.

முத்தங்களுடன்
அப்பா


எம்மன்புரூக்கே
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அப்பா,

ஆறாம் வகுப்பில் நீங்கள் எனக்காக நின்றதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அப்போது என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் தெரியவில்லை. இப்போது அப்படி இல்லை. ஆலோசகர் என் பெயரைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் செய்த மாதிரித் தேர்வுகளைப் பார்த்துச் சொன்னார். நானும் பார்த்தேன்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். சூரிச்சில் படிக்கிற டினேஸின் அம்மா வந்து, "லாரா, அடுத்த வருசம் என்ன படிக்கப் போறாய்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "டொக்டருக்குத்தான்" என்றார்.

"இன்னும் முடிவில்லை அன்ரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அப்பா.

பேருந்தில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "நாலு பேருக்கு முன்னாலை என்ரை முகத்திலை கரி பூசிப்போட்டாய்" என்றார். அன்றிலிருந்து சமைத்து மேசையில் மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். திறந்தால் எனக்குப் பிடித்த கறிதான் இருக்கிறது. சாப்பிடு என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

வின்ரத்தூரில் பிசியோதெரபி அறிமுக நாளுக்குத் தனியாகப் போனேன். மற்றவர்கள் தாய் தகப்பனுடன் வந்திருந்தார்கள். பிள்ளைகளைவிடத் தகப்பன்மார்தான் கூடுதலாகக் கேள்வி கேட்டார்கள். ஒரு பெண் என்னிடம், "நீ தனியாகவா வந்தாய்?" என்றாள். "அப்பா காரை நிறுத்தப் போயிருக்கிறார்" என்று பொய் சொன்னேன். பின்னேரம் வரை நீங்கள் காரை நிறுத்திக்கொண்டே இருந்தீர்கள்.

மருத்துவத்துக்குப் பதிலாக வேறு பெரிய கனவு ஒன்றும் எனக்கு இல்லை. இருந்திருந்தால் உங்களுடன் சண்டை பிடிப்பது சுலபமாக இருந்திருக்கும். கிடைக்கக்கூடிய ஓர் இடத்தில் சேர்ந்து அதை நன்றாகச் செய்ய வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன்.

மருத்துவத் தேர்வுக்கு நேற்றுப் பதிந்துவிட்டேன், உங்களுக்காக. கீழே உள்ள இரண்டும் அப்படியே இருக்கட்டும், சரியா?

லாரா


பொன்ட்ரெசினா
15 பெப்ரவரி 2025

அன்பு மகளுக்கு,

நீ பதிந்த செய்தியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. சமையலறையில் எல்லோருக்கும் சொன்னேன்.

ஆனால் பிள்ளை, இரண்டு தோணியில் கால் வைத்தவன் கரை சேரமாட்டான். உன்னை எனக்குத் தெரியும். கீழே மெத்தை விரித்திருந்தால் நீ ஏறமாட்டாய். விழுந்தாலும் வலிக்காது என்று இருந்துவிடுவாய். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு இரண்டாவது இடம் என்று ஒன்று இருக்கவில்லை. திரும்பிப் போக வழியும் இல்லை. அதனால்தான் தாக்குப்பிடித்தேன்.

அந்த இரண்டையும் எடுத்துவிடு. அப்பா உன்னிடம் அதிகம் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அம்மாவுடன் நான் பேசுகிறேன். இனிச் சாப்பிடு என்று சொல்வாள்.

அப்பா


எம்மன்புரூக்கே
2 மார்ச் 2025

அப்பா,

வின்ரத்தூரிலிருந்து தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வரவில்லை என்று பதில் போட்டேன். காரணம் கேட்டிருந்தார்கள். குடும்பக் காரணம் என்று எழுதினேன். ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை.

நேற்று அம்மா, "சாப்பிடு பிள்ளை" என்றார். சாப்பிட்டேன்.

லாரா


எம்மன்புரூக்கே
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தேர்வு முடிவை அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார். எழுதிய எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்தால் நான் நடுவில் நிற்கிறேன். இடங்கள் எனக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிட்டன. நான் படிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மே மாதம் சீசன் முடிந்து ஹோட்டலைப் பூட்டியபோது வீட்டுக்கு வந்திருந்தீர்கள், நீங்களே பார்த்தீர்கள். எனக்காக ரீவியில் சத்தமே இல்லாமல் செய்தி பார்த்தீர்கள்.

வழமை போல மரியாஸ்டைன் மாதா திருநாளுக்குப் போனோம். நீங்கள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மா எல்லோருக்கும் சொன்னார். திரும்பி வரும்போது ரயிலில், வெளியே பார்த்துக்கொண்டு, "அவர் லீவு கேக்கவே இல்லை" என்றார்.

ஆட்கள் கேட்பார்கள் என்றுதானே நீங்கள் வரவில்லை? கேட்டார்கள், அப்பா. புல்லில் பாயை விரித்துச் சாப்பாட்டுப் பொதியைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டார்கள். "கிடைக்கேல்லை அன்ரி." "கிடைக்கேல்லை அங்கிள்." ஒவ்வொருவருக்கும் நானே சொன்னேன். அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தையே பார்த்தார். நீங்கள் வந்து ஒன்றும் பேசியிருக்கத் தேவையில்லை. சும்மா பக்கத்தில் இருந்திருந்தால் போதும்.

வேறு சில பாடங்களுக்கு இப்போதும் சேரலாம் என்று ஆலோசகர் சொன்னார். அவசரத்தில் ஏதாவது ஒரு பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஈவெர்டோனில், விபத்துக்குப் பிறகு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மருத்துவமனையில் ஒரு வருடத்துக்கு உதவியாளராக எடுத்திருக்கிறார்கள். அடுத்த கிழமை போகிறேன். ஏன் பிரெஞ்சு பேசும் பக்கத்துக்குப் போகிறாய் என்று அம்மா அழுகிறார். அங்கே என்னிடம் யாரும் தமிழில் "என்ன படிக்கிறாய்" என்று கேட்கமாட்டார்கள்.

முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

லாரா


பொன்ட்ரெசினா
21 செப்டெம்பர் 2025

அன்பு மகள் லாராவுக்கு,

புது இடம் எப்படி? குளிர்காலச் சப்பாத்து வாங்கினாயா? அறையில் சமைக்க வசதி உண்டா? வெறும் பாணைத் தின்றுகொண்டு இருக்காதே.

மரியாஸ்டைன் பற்றி நீ எழுதியிருந்தாய். அதைப் பிறகு பேசுவோம்.

ஒரு நல்ல செய்தி. லண்டன் சித்தப்பாவுடன் கதைத்தேன். புடாபெஸ்டுக்கு இப்போதே தயாரானால் அடுத்த வருடம் பார்க்கலாமாம். சூரிச் தேர்வையும் இன்னொரு முறை எழுதலாம். எங்கெங்கே அனுப்பலாம் என்று சித்தப்பாவும் நானும் பார்த்து ஒரு பட்டியல் எழுதி இத்துடன் வைத்திருக்கிறோம். பார்த்து, உடனே பதில் போடு. ஒரு முறை தவறினால் என்ன, உலகம் முடிந்துவிடுமா?

உன் பதிலை எதிர்பார்க்கும்
அப்பா


எம்மன்புரூக்கே
9 நவம்பர் 2025

லாரா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் வந்து சேர்ந்தது என்று அம்மா சொன்னாள்.

ஹோட்டலைப் பூட்டிவிட்டார்கள், மார்கழி வரை நான் வீட்டில். உன் மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். அம்மா வேலைக்குப் போனபிறகு வீட்டில் நான் மட்டும்தான். உன் அறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். பூட்டியிருந்தால் உள்ளே நீ படித்துக்கொண்டிருப்பது போலவும், நான் மெதுவாக நடக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

இன்று தமிழ்ப் பூசைக்குப் போனோம். முடிந்து வெளியே வரும்போது டினேஸின் அப்பா என் தோளைப் பிடித்து, "பீற்றர் அண்ணை, மகள் எப்பிடி? இந்த முறையும் டொக்டருக்கோ?" என்றார். அம்மா எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள்.

"இல்லை. அவளுக்கு அது கிடைக்கேல்லை" என்றேன். "ஈவெர்டோனிலை வேலை செய்யிறாள். நடக்கேலாத ஆக்களுக்கு நடக்கப் பழக்கிற இடம்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எங்கடை டினேஸ் சூரிச்சிலை படிப்பை விட்டு ஒரு வருசமாகுது, அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ரை மனுசி இப்ப வீட்டை விட்டு வெளிக்கிடுறேல்லை" என்றார். நல்ல மழை. அவரிடம் குடை இருந்தது, விரிக்கவில்லை. இரண்டு பேரும் கார் தரிப்பிடத்தில் நனைந்துகொண்டு நின்றோம். அம்மா திரும்பி வந்து கூப்பிடும்வரை நின்றோம்.

அவருக்குச் சொன்னது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். வேறு விஷயம் ஒன்றும் இல்லை.

அப்பா


ஈவெர்டோன்
18 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. முதலாவதுக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எழுதினால் கோபமாக வந்தது, கிழித்தேன். இரண்டாவதுக்கு டிசம்பரில் நத்தாருக்கு முன்பே எழுத நினைத்தேன். அது கோபமாக வரவில்லை. ஆனால் முதல் வரியைத் தாண்டவில்லை.

நத்தாருக்கு வீட்டுக்கு வராதது உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல. நீங்களும் மலைக்கு, வேலைக்குப் போய்விட்டீர்கள். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு லீவு கொடுக்கட்டும் என்று நான் வேலைக்கு நின்றேன். மாலையில் விடுதி முழுக்க ஒரு சத்தமும் இல்லை. கீழே கூட்டுச் சமையலறையில் சோறு வைத்து, மீன் டின்னை உடைத்து ஒரு கறி வைத்தேன். பக்கத்து அறைப் பெண் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். என் பிரெஞ்சு அதற்கு மேல் போகவில்லை. நீங்கள் இத்தனை வருடம் அங்கே எப்படி இருந்திருப்பீர்கள் என்று அன்றுதான் நினைத்தேன்.

இங்கே வேலை பழகிவிட்டது. கூரை வேலையில் விழுந்த ஒருவர் இருக்கிறார், பெரிய கோபக்காரர். காலையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். போன வாரம் கைத்தடியுடன் வாசல் வரை நடந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பி நடந்து வந்து படுத்துக்கொண்டார். எங்கள் பிரிவில் அன்று முழுவதும் அதுதான் கதை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. நன்றாகச் செய்வேன் என்றும் நினைக்கிறேன்.

விண்ணப்பங்களைப் போன வாரம் அனுப்பிவிட்டேன். வின்ரத்தூர், பேர்ன், இரண்டும் பிசியோதெரபி. தகுதித் தேர்வு வசந்தத்தில். இரண்டும் இல்லாவிட்டால் லுட்சேர்ன் ஆசிரியர் கல்லூரி, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. மருத்துவம் இல்லை. நீங்களும் சித்தப்பாவும் எழுதிய தாளைத் திருப்பி அனுப்பவில்லை, பாவிக்கவும் இல்லை. இந்த முறை முதலில் அனுப்பிவிட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எடுத்துவிடு என்று நீங்கள் கேட்டால் நான் எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஒருமுறை எடுத்தவள்தானே.

பெப்ரவரி இரண்டாம் வாரம் எனக்கு நான்கு நாள் லீவு. அம்மாவிடம் ஒரு நாள் இருந்துவிட்டு மேலே உங்களிடம் வருகிறேன். சீசன் நேரம், உங்களுக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், கேட்கவும் வேண்டாம். நீங்கள் வேலை முடித்து வரும்வரை உங்கள் அறையில் படுத்திருப்பேன். தரையில் விரிக்க என்னிடம் சுருட்டி வைக்கிற மெத்தை ஒன்று இருக்கிறது.

விண்ணப்பங்களைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் எழுத வராவிட்டால் எழுத வேண்டாம். அறைப் பூட்டின் திறப்பை யாரிடம் கொடுத்து வைப்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்
லாரா