ஆயில் குடித்த வண்டியும் ஆயிரம் கிலோமீட்டரும்

அன்புச் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பதறுவாய், நான் சமாளிப்பேன், விஷயம் அங்கேயே நின்றுவிடும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான்கு மாதமாக நீ வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் ஓடுகிறது ஓடுகிறது என்று மழுப்பினேன் அல்லவா, அது முழுப் பொய் இல்லை, ஓடத்தான் செய்தது, ஆனால் பெட்ரோலோடு சேர்த்து இன்ஜின் ஆயிலையும் குடித்துக்கொண்டு ஓடியது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மெதுவாகப் படி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வருகிற வரைக்கும் அந்த வண்டிக்கு என்ன வேலை இருந்தது, கடைக்கும் வங்கிக்கும் போய்வந்து ஷெட்டில் தூங்கும். அதற்குப் பிறகுதான் வாரம் மூன்று நாள், போக இருபத்திரண்டு வர இருபத்திரண்டு என்று பிசியோதெரபிக்கு ஓட ஆரம்பித்தது. அப்படி ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மேம்பாலத்தின் உச்சியில், எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு படம் இருக்குமே, அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்த அடியில் பாலமே அதிர்ந்தது, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூரியர் வேன் ஓட்டும் ஒருவர் நிறுத்தி இறங்கிவந்து பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார், நுனியில் மட்டும் ஒரு பொட்டு ஈரம். இதில் ஆயிலே இல்லையே அம்மா, இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் இன்ஜின் இறுகிப் போயிருக்கும் என்றார். பாலத்துக்குக் கீழே இருந்த பெட்ரோல் பங்கில் போய் இரண்டு டப்பா வாங்கிவந்து ஊற்றியும் கொடுத்தார். சர்வீஸ் செய்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, தரையில் ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை, அவ்வளவு ஆயில் எங்கே போனது என்று எனக்கு மண்டை குடைந்தது. அன்று இதை உனக்குச் சொல்லவில்லை, அதற்கு நீ திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏசி போட்ட கண்ணாடி அறை, சாய்ந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. அங்கிருந்த அட்வைசர் பையன் மரியாதையானவன்தான், ஆனால் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னான். உன் அப்பாவுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போவது சகஜம் சார், எல்லா வண்டியும் குடிக்கும் சார், அம்மா கியரைக் குறைத்து இழுத்து ஓட்டுவார்கள் போலிருக்கிறது சார் என்று சார் சாராக அடுக்கினான். அப்பாவுக்கு இப்போது வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும், தெரியுமே. அவர் நிதானமாகக் கையைத் தூக்கி என்னைக் காட்டி, “வண்டி... அவளுது. அவகிட்ட... பேசு” என்றார். பையன் முகம் சிவந்துபோயிற்று. அந்த ஒரு லிட்டர் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன், அதெல்லாம் கொடுக்கிற வழக்கமில்லை என்று எழுந்து போய்விட்டான். வீட்டுக்கு வந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம், அதற்கு மேல் போனால் கொண்டுவந்து காட்டவும் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

இருபத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தமும் சர்க்கரையும் அளந்தவளிடமா அளவைப் பற்றிக் கதை விடுகிறார்கள் என்று எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. மூன்று வாரம் தொடர்ந்து, ஞாயிறு காலை, இன்ஜின் சூடாகும் முன், ஷெட்டின் சமதரையில் வைத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் நோட்டில் எழுதினேன், போட்டோவும் எடுத்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் அடிப்பார், நான் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்லுவார், அவருக்கு அது பேச்சுப் பயிற்சி ஆயிற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் மேல் போவதாகக் கணக்கு வந்தது, நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். வாரண்டி முடிய அப்போது ஏழு வாரம்தான் பாக்கி. வாயால் சொன்னதெல்லாம் காற்றில் போய்விடும் என்று, புகாரை ஜாப் கார்டில் தேதியோடு எழுதிக் கொடுத்தால்தான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே வாங்கின கண்ட ஆயிலை ஊற்றியிருப்பீர்கள் என்றான் பையன். ஊற்றின டப்பாவெல்லாம் ஒரு பையில் கொண்டுபோயிருந்தேன், புத்தகத்தில் சொன்ன அதே ரகம் என்று டப்பா மேல் அச்சடித்த எண்ணைக் காட்டினேன். அதற்கப்புறம் வழியில்லாமல் எழுதிக் கொடுத்தான், சோதனைக்கும் ஏற்பாடு செய்தான்.

சோதனை என்றால் பெரிய வித்தை இல்லை. பழைய ஆயிலை வடித்துவிட்டு எடை போட்டுப் புது ஆயில் ஊற்றி, மூடியிலும் டிப்ஸ்டிக்கிலும் அடியில் இருக்கும் போல்ட்டிலும் கம்பி சுற்றி சீல் வைத்துவிடுவார்கள், நடுவில் விளக்கு எரிந்தால் மட்டும் உடனே நிறுத்திக் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனால் மறுபடி வடித்து எடை பார்ப்பார்கள். அதைச் செய்த மெக்கானிக் நாற்பது வயதுக்காரர், வேலை பார்க்கும்போது வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பதால் அங்கே எல்லோரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிசியோதெரபிக்குப் போய்வந்தால் மட்டும் ஆயிரம் முடிய ஏழு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வாரண்டி வாசலைத் தாண்டிவிடும். அதனால் வேண்டுமென்றே ஓட்டினோம் சின்னு. பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திருப்பினேன். ஒருநாள் அணைக்கட்டு, ஒருநாள் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் காற்றாலைகள் இருக்கும் வெட்டவெளி, ஒருநாள் எங்கே போகிறோம் என்று தெரியாமலே எழுபது கிலோமீட்டர். நோய் வந்ததிலிருந்து அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியதே இல்லை, முன்னால் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வருவார். காற்றாலையைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார், முப்பத்தாறு வரைக்கும் தடுமாறாமல் எண்ணினார். நான் பாதையைப் பார்த்து ஓட்டுவதா, கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் ஓட்டினேன். நான்கு வாரத்தில் ஆயிரம் முடிந்தது, விளக்கும் எரியவில்லை.

வடித்து எடை போட்டதில் ஒன்றே கால் லிட்டர் காணோம். கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார், மதியம் சாப்பிடாத களைப்பு முகத்தில் தெரிந்தது, ஆனால் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காத மனிதர். ஆயில் குறைவது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பழைய மூன்று சர்வீஸ் தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இதிலெல்லாம் ஒரு குறையும் எழுதப்படவில்லை, அப்படியானால் நல்ல இன்ஜின் நடுவில்தான் கெட்டிருக்கிறது, நீங்கள் ஆயில் இல்லாமல் மேம்பாலம் வரை ஓட்டியதில் உள்ளே தேய்ந்திருக்கலாம், அது வாரண்டியில் வராது என்றார். அத்தனை நாள் அளந்தேனே தவிர அதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு என்னிடம் ஒரு எழுத்தும் இல்லை. இன்ஜினை மாற்றச் சொந்தக் கையிலிருந்து போடுவதா, வண்டியைத் தள்ளிவிட்டு அப்பாவைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதா, மனசு எங்கெங்கோ ஓடியது. அட்வைசர் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டிக்குப் பக்கத்தில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்த ரேடியோ பாட்டை நிறுத்தினார். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“மூணு சர்வீஸ்லயும் நான்தான் சார் வடிச்சேன். நாலு லிட்டர் வரவேண்டிய இடத்துல முதல்ல மூணரை, அடுத்தது மூணு, போன தடவை ரெண்டுகூட தேறல. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எழுத வேண்டாம்னுட்டாங்க” என்றார்.

யார் சொன்னது என்று இன்ஜினியர் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. புகார் எண்ணிக்கை கூடினால் கிளைக்கு மதிப்பெண் குறையுமாம், அதனால் குறை எழுதாமல் புது ஆயிலை ஊற்றி அனுப்புவது அங்கே பழக்கமாகியிருக்கிறது, பையன் அதைப் பிறகு என்னிடம் தனியாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டான், மேலே இருந்து அழுத்துகிறார்கள் அம்மா என்றான். அழுத்தினால் இனிமேல் என் மாதிரி கிழவி யாராவது பாலத்தின் மேல் நிற்பாள் என்பதை நினைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் அவனை வாட்ட மனசு வரவில்லை. ரேடியோ சொன்னதை அவர் கைப்படவே இன்ஜினியர் எழுதி வாங்கினார், வாரண்டியில் இன்ஜினைத் திறக்க உத்தரவும் போட்டார். திறந்தபோது என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஆயிலை வழித்து இறக்க வேண்டிய பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்து, கல்லில் பதித்த மாதிரி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன, ஆரம்பத்திலிருந்தே சரியாக உட்காராத ரிங் என்றார் ரேடியோ. பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுக்கப் பதினொரு நாள் ஆயிற்று. அதுவரைக்கும் ஒரு மாற்று வண்டி கொடுத்தார்கள், தரையோடு தரையாக ஒரு சிவப்பு வண்டி, அதிலிருந்து அப்பாவை வெளியே எடுப்பது சோபாவிலிருந்து எடுப்பதைவிடப் பெரிய பாடு. ஆனாலும் அதில் போவதென்றால் தலையைச் சீவிக்கொண்டுதான் கிளம்பினார்.

ரேடியோவின் வேலை என்னாகுமோ என்றுதான் எனக்குக் கவலை. அவர் சொன்னதால்தான் உங்கள் கம்பெனி மேல் எனக்கு நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை அவர் கையிலும் கொடுத்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறார், மேனேஜர் மட்டும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பயமாயில்லையா என்று கேட்டேன். “போனா போகட்டும்மா, கை இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கடியில் நுழைந்துவிட்டார். வேலை தெரிந்தவர்களுக்கு வருகிற திமிர் அது, எனக்கு ரொம்பப் பிடித்தது.

புது ரிங் போட்டு ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். நேற்றுக் காலை பார்த்தேன், டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டிலிருந்து ஒரு மயிரிழைதான் இறங்கியிருக்கிறது. பிசியோதெரபி வாசலில் நான் இந்தக் கதையைச் சொல்லப்போய், கணவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிற பெண்கள் எங்களுக்கும் காட்டுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். போன புதன்கிழமை உள்ளே பயிற்சி நடக்க, வெளியே பார்க்கிங்கில் நாலு வண்டி பானட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றது. காவலாளி பயந்துபோய் என்ன ரிப்பேர் என்று ஓடிவந்தார். ஒரு ரிப்பேரும் இல்லை, பார்க்கிறோம் என்றேன். அதில் ஒரு வண்டியில் நிஜமாகவே ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது.

போன மாதம் நீ கேட்டாயே, இரண்டு பேரும் அங்கே தனியாக என்ன செய்வீர்கள், வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன், யோசித்துவிட்டேன். வருவோம், உங்கள் ஊரில் குளிர் குறைந்ததும் இரண்டு மாதம் விருந்தாளியாக வருவோம், மாப்பிள்ளை கையால் சமைத்துப் போட்டால் சந்தோஷமாகச் சாப்பிடுவோம். ஆனால் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடு. எங்களால் முடியவில்லை என்கிற நாள் வந்தால் அதை உனக்கு முதலில் சொல்வது நானாகத்தான் இருப்பேன், இந்த முறை மாதிரி ஒளிக்கமாட்டேன். அது இப்போது இல்லை சின்னு.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, மனசில் பாரமில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். உன் வண்டியை நாளைக் காலை கிளப்புவதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பார், சர்வீஸில் பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிடாதே, பார்த்ததை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பு, அளவைப் படித்துச் சொல்வது இப்போது அவர் இலாகா.

இப்படிக்கு,
சொந்த வண்டியைத் தானே ஓட்டும்
உன் அம்மா