இரத்தினம்மா இருவர்

1992 ஓகஸ்ட் 17

பயிற்சியின் பதினைந்தாம் நாள். இன்றும் என்னை நோயாளியின் உறவினர் என்றே எண்ணினார்கள். பெண்கள் வாட்டின் வாயிலில் கஞ்சிப் பாத்திரத்தோடு அமர்ந்திருந்த ஒருவர், "உங்கடை ஆள் எந்தக் கட்டில், பிள்ளை?" என்று பரிவோடு வினவினார். நான் இங்கே தாதியாக, ஊர்ச்சனம் சொல்லும் 'மிஸி'யாக, பயில்கின்றேன் என்று விளக்கினேன். அவர் எனது வெள்ளைச் சேலையை மேலும் கீழும் நோக்கிவிட்டு, "அதுக்கென்ன, இருங்கோ" என்று வாங்கில் இடம் விட்டார்.

என்னோடு பயிலும் ஐவரும் பதினெட்டு, பத்தொன்பது வயதினர். எனக்கு நாற்பத்து மூன்று. அரசாங்கத் தாதியர் கல்லூரிக்குரிய வயது எப்போதோ கடந்துவிட்டது. நாற்பது கட்டில்களைக் கொண்ட இந்த மிஷன் வைத்தியசாலையில் இருந்த தாதியரிற் பாதிப்பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டபடியால் வயதைப் பார்க்கவில்லை. ஆளில்லாமையே எனது தகுதியாயிற்று. அதனை மறைத்து எழுதுவதிற் பயனில்லை.

ஆறு மாதம் பயிலுநர். அதன்பின் தலைமைத் தாதியான மேற்றன் தேவமலர் ஏற்றுக்கொண்டால் தாதி. ஏற்றுக்கொள்ளாவிடின், கரவெட்டியில் அண்ணையின் வீட்டு அடுப்படி.

ஓகஸ்ட் 23

ஓய்வு நாள். மார்க்கண்டு அண்ணை சோற்றைப் பிசைந்தபடி மீண்டும் தொடங்கினார். "எங்கடை குடும்பத்திலை ஆர் ஊர்ச்சனத்தின்ரை பீ மூத்திரம் அள்ளினது? உனக்கு இஞ்சை சோறு குறைஞ்சு போச்சோ, பத்மாவதி?"

"குறையேல்லை, அண்ணை" என்றேன். அவருக்குக் கூறாததை இங்கே எழுதுகின்றேன்.

என் கணவர் சிறுநீரக நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த மூன்று ஆண்டுகளும் நானே பராமரித்தேன். எட்டாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மருந்துப் பெட்டிகளுள் இருந்த ஆங்கிலத் தாள்களைச் சொல் சொல்லாகப் படித்தேன். ஒரு நாள் டொக்டர் எனது குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "உமக்கு ஆர் உதெல்லாம் படிப்பிச்சது?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அந்த ஒரு விடையைச் சொல்லும்போது எனக்கு உண்டான நிமிர்வு, அதற்கு முன்பும் பின்பும் உண்டானதில்லை. கணவர் காலமான பின்பு ஈராண்டுகள் அண்ணை வீட்டில் மிளகாய் வறுத்தேன். இருமலே மிஞ்சிற்று.

செப்ரெம்பர் 9

கால்கள் வீங்கியுள்ளன. செருப்புத் தடம் பாதத்திற் பதிந்து கிடக்கின்றது. வேறொன்றும் எழுத இயலவில்லை.

செப்ரெம்பர் 21

எங்கள் வாட்டின் பொறுப்புத் தாதி சீலா. வயது இருபத்து மூன்று. எனக்கு மகள் இருந்திருப்பின் அவ்வயதினளாய் இருந்திருப்பாள். ஆயினும் இங்கே அவள் சொல்ல நான் செய்யவேண்டும். அதுவே முறை. முறை என்று மனம் ஒப்புகின்றது. காது ஒப்புகின்றதில்லை.

இன்று எனது வாட்டுக் குறிப்பை எல்லோருக்கும் கேட்க வாசித்தாள்: "'நோயாளி இராமுழுதும் நித்திரையின்றி அவதியுற்றார், ஆயினும் மனந்தளர்ந்திலர்.' அக்கா, இது ரிப்போட்டோ, செத்தவீட்டுக் கல்வெட்டோ? இன்னும் ஆள் சாகேல்லையெல்லே!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அந்த நோயாளியும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிழை யாதென இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

ஒக்ரோபர் 8

சீலாவின் செய்கை ஒன்று எனக்கு உடன்பாடன்று.

மருந்து கொடுக்குமுன் பெயரைக் கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். பெண்களுள் ஒரே பெயருடையோர் பலர். ஆதலின் கணவன் பெயரையும் கேட்டு, அட்டையிலுள்ள முதலெழுத்தோடு ஒப்பிடுவது இங்குள்ள விதி. எங்கள் பெண்கள் கணவன் பெயரை வாயாற் சொல்வரோ? சீலா வாட்டின் நடுவே நின்று, சந்தையில் மீன் விலை கூறுபவளைப் போல், "சொல்லணை, மனுசன்ரை பேரைச் சொல்லணை! சொன்னால் ஆயுசு குறையாது, சொல்லாட்டித்தான் ஊசி மாறும்!" என்று முழங்குகின்றாள். அயற்கட்டில்கள் சிரிக்கின்றன. அந்தப் பெண் கூனிக் குறுகுகின்றாள்.

என்னைச் சேர்த்துக்கொள்ளும் நாளில் மேற்றன் எனது கணவர் பெயரைக் கேட்டார். நான் எழுதுகோலை வாங்கித் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் இறந்து ஈராண்டு ஆகியும் என் நாவில் அப்பெயர் வரவில்லை. மேற்றன் கிறிஸ்தவர், ஆயினும் நகைக்கவில்லை. பண்பு என்பது அதுவே.

ஒக்ரோபர் 30

பொம்மர் விமானம் வந்தது. நடக்க முடியாத நால்வரைச் சாக்குக் கட்டிலிற் பதுங்கு குழிக்கு இறக்கினோம், திரும்ப ஏற்றினோம், பிற்பகல் மீண்டும் இறக்கினோம். இடுப்பு எனது சொற் கேட்கவில்லை. உடன் பயிலும் பிள்ளைகள் கிணற்றடியிற் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கின்றார்கள். எங்கிருந்து வருகின்றது அவர்களுக்கு மூச்சு?

நவெம்பர் 18

பிழை விட்டிட்டன்.

ரெண்டு தாள் கிழிச்சுப்போட்டன். முறையாய் எழுதவேண்டும். எழுதுகின்றேன்.

எங்கள் வாட்டில் இரத்தினம்மா என்ற பெயருடையோர் இருவர். ஒருவர் உடுப்பிட்டி முருகேசுவின் மனைவி, நீரிழிவு, காலைதோறும் இன்சுலின். மற்றவர் கரவெட்டி கந்தசாமியின் மனைவி. காய்ச்சல் தணிந்து வருகின்றது. ஊசி எதுவும் இல்லை. மழையில் ஓடு ஒழுகியபடியால் விடியற்காலையிற் கட்டில்களை இழுத்து மாற்றியிருந்தார்கள். நேற்று முருகேசுவின் மனைவி கிடந்த மூலையில் இன்று கந்தசாமியின் மனைவி. மாற்றியது எனக்குத் தெரியாது, மழையிருட்டில் முகமும் தெளிவாயில்லை.

ஆறரை மணி. ஊசி போடும்போது அருகில் நிற்கவேண்டிய சீலா, உள்ளே புகுந்த வெள்ளத்தைத் தும்புத்தடியால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். நான் மின்சாரம் இல்லாதபடியால் மண்பானைக்குள் ஈரமணலிற் புதைத்து வைத்திருக்கும் இன்சுலினை எடுத்து, அளவைப் பார்த்து, மூலைக் கட்டிலுக்குச் சென்றேன்.

"பெயர்?"

"இரத்தினம்மா."

"கணவர் பெயர்?"

சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவில்லை என்பது மாத்திரமன்று, மனத்துள் மெச்சினேன். சீலாவைப் போல் நான் மானத்தை வாங்குபவள் அல்லள் என்று என்னை நானே மெச்சியபடி ஊசியை ஏற்றினேன்.

எட்டேகாலுக்கு, வாட்டின் மறுகோடியிலிருந்து ஒரு குரல். "அக்கா, இண்டைக்கு எனக்கு ஊசி இல்லையோ?"

முருகேசுவின் மனைவி.

ஓடினேன். மூலைக் கட்டிலில் மற்ற இரத்தினம்மா வியர்வையில் நனைந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கூப்பிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. ஐயோ, காய்ச்சற்காரி, இரவும் ஒண்டும் சாப்பிடாத மனுசி. சீலா, சீலா எண்டு கத்தினன். அவள் தும்புத்தடியை எறிஞ்சுபோட்டு ஓடிவந்தாள். டொக்டர் வந்து நாளத்தில் குளுக்கோசு ஏற்றும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை குளிர்ந்து வழுக்கியது.

நினைவு திரும்பியதும் அவர் கேட்டது: "என்ன பிள்ளை, எல்லாரும் சுத்தி நிக்கிறியள்?"

"உங்களுக்கு ஊசி இல்லையெண்டு தெரியுமெல்லே, ஏனணை பேசாமல் கிடந்தனீங்கள்?" என்று சீலா அழாக்குறையாகக் கேட்டாள்.

"ஊசி போட்டால் கெதியாச் சுகம் வருமெண்டு நினைச்சன், மோனை. மற்றவைக்கெல்லாம் போடுறியள், எனக்கு மட்டும் ஒரு நாளும் போடேல்லை."

நவெம்பர் 19

காலையில் சீலா என்னை மருந்தறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள். "அக்கா, ஆள் தப்பிட்டுது. 'மயக்கம், குளுக்கோசு குடுத்தது' எண்டு எழுதுவம். டொக்டரும் பெரிசாக் கேக்கேல்லை. உங்களுக்கும் நல்லது. நான் பக்கத்திலை நிக்கேல்லையெண்டு தெரிஞ்சால் எனக்கும் நல்லாயிராது."

அவள் கூறியது நியாயம். எனக்கு ஆசையும் இருந்தது, மிகுதியாகவே இருந்தது. இன்னும் இரண்டரை மாதம். வாயைத் திறக்காதிருந்தால் நான் தாதி.

குறிப்பேட்டை விரித்தேன். ஓர் அழகிய வாக்கியம் தானாகவே கைக்கு வந்தது: 'நோயாளி எதிர்பாராத சோர்வுற்றார்.' அத்தகைய வாக்கியங்கள் எனக்கு எவ்வளவு இலகுவில் வருகின்றன என்பதைக் கண்டு முதன்முறையாக அஞ்சினேன். பின்பு எழுதினேன்: 'நீரிழிவுக்காரருக்குரிய இன்சுலினை ஆள் மாறிக் கொடுத்தேன். கணவர் பெயரை உறுதிசெய்யவில்லை. பிழை என்னுடையது. பொறுப்புத் தாதி வெள்ளம் வாரிக்கொண்டிருந்தார்.'

மேற்றன் இருமுறை வாசித்தார். "ஏன் பேர் கேக்கேல்லை?"

"கேட்டேன். அவர் சொல்லவில்லை."

"பிறகு?"

"மேலும் கேட்பது நாகரிகமன்று என்று..."

"நாகரிகம் பாத்து ஒரு மனுசியைச் சாகடிச்சிருப்பீர்."

மேற்றன் குறிப்பேட்டை மூடி என்னிடம் தந்தார். பின்பு அவர், "தைமாசம் புதுப் பிள்ளையள் வருகினம். அவையோடை முதலிலையிருந்து தொடங்கும். மனமில்லையெண்டால் வீட்டை போகலாம். ரெண்டுக்கும் உம்மை நான் குறை சொல்லமாட்டன்" என்றார்.

சீலாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். என்னோடு கதைக்கின்றாள் இல்லை.

நவெம்பர் 22

செய்தி எனக்கு முன்னரே கரவெட்டிக்குப் போய்விட்டது. கந்தசாமி, என் அண்ணையின் தோட்டத்துக்கு அயலவர். நேற்று மனைவியைக் கூட்டிச்செல்ல வந்தபோது என் காலைப் பிடிக்கவா, கழுத்தைப் பிடிக்கவா என்று அறியாதவர்போல் நின்றார். "இருபத்தெட்டு வருசமா என்ரை பேரைச் சொல்லேல்லை இவள். சாகப்போகேக்கையும் சொல்லாள்" என்று கூறிச் சிரிக்க முயன்றார். கண்கள் கலங்கியிருந்தன. அவர் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அண்ணையும் ஏசவில்லை. கிணற்றடியில் நின்று மெதுவாக, "விட்டிட்டு வா, பிள்ளை. ஒருத்தரும் உன்னை ஒண்டும் கேக்கமாட்டினம். நானும் கேக்கன்" என்றார். பத்மாவதி என்றுகூட அழைக்கவில்லை. பிள்ளை. நாற்பது வருடங்களுக்கு முன் நான் விழுந்து முழங்கால் உடைத்த அன்று அப்படி அழைத்தவர்.

அவரது கோபத்தைத் தாங்கப் பழகியிருந்தேன். இதனைத் தாங்க இயலவில்லை. பகல் முழுதும் பாயிற் கிடந்தேன். போகாமல் விட்டால் என்ன? உண்மையாகவே என்ன? மீண்டும் படுக்கை விரிக்க, மீண்டும் பாத்திரம் கழுவ, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க இந்தக் காலுக்கு இயலுமோ? படித்தவள் என்ற எண்ணம் ஒன்றுதானே என்னிடம் இருந்தது. அதுவும் ஒரு மனுசியின்ரை உயிரிலை கொண்டுபோய் விட்டுதே.

நவெம்பர் 23

எழுந்தேன். உடுத்தேன். போனேன். காரணம் எழுதத் தெரியவில்லை.

டிசெம்பர் 2

நாட்கணக்காக ஒன்றையே எண்ணுகின்றேன். கட்டில் இலக்கத்தை நம்ப இயலாது. மழை மாற்றும், பொம்மர் மாற்றும். கணவன் பெயரைப் பெண்கள் சொல்லமாட்டார்கள். சீலா முழங்கினாலும் பாதிப்பேர் வாய் திறவாமல் எந்தப் பெயருக்கும் பொய்யாகத் தலையாட்டுகின்றனர். ஆகவே அடையாளம் உடம்பில் இருத்தல் வேண்டும்.

பழைய சேலைக் கரையைக் கீலங்களாகக் கிழித்து, சலவைக் குறி இடும் மையால் சேர்க்கை இலக்கத்தை எழுதி, மணிக்கட்டிற் கட்டலாம் என்று மேற்றனிடம் கூறினேன். செய்து பாரும் என்றார்.

முதற்கட்டிலிலேயே தோல்வி. "நான் என்ன, வண்ணானுக்குப் போற துணியோ?" என்று பராசக்தி என்ற பெண் கையை இழுத்துக்கொண்டார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் மறுத்தனர். நான் விதியை விளக்கினேன், காரணத்தை விளக்கினேன், நீண்டதொரு விளக்கம். ஒருவர் கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் கண்டேன்: ஐப்பசி விரதத்திற் கட்டிய கௌரி காப்பு நூல் ஒவ்வொரு மணிக்கட்டிலும் இருந்தது. உடனே, "காப்புக் கட்டப்போறன், கையை நீட்டுங்கோ" என்றேன். எனது வாயிலிருந்து வந்த பேச்சு அது என்று எனக்கே நம்ப முடியவில்லை. பராசக்தி கையை நீட்டினார். "சுகம் வந்தாப்பிறகுதானே அவிழ்க்கிறது?" என்று மாத்திரம் கேட்டார். ஓம் என்றேன். பதினொரு பேருக்குக் கட்டினேன்.

மேற்றனிடம் காப்பு என்ற சைவப் பெயருக்காக மன்னிப்புக் கோரினேன். "நீர் என்ன பேரும் வையும். இலக்கம் தெளிவா இருக்கட்டும்" என்றார்.

மாலையில் மை முடிந்துபோயிற்று. சீலா ஒரு போத்தல் மையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கவேண்டும். பதின்மூன்று நாட்களின் பின்பு அவளது முதற் சொல்: "உந்த நாலு, ஒன்பது மாதிரிக் கிடக்கு, அக்கா. திருப்பி எழுதுங்கோ."

திருப்பி எழுதினேன்.

1993 பெப்ரவரி 3

என்னோடு சேர்ந்த ஐவரும் இன்று தாதியர் ஆயினர். கற்கண்டு கொடுத்தார்கள். நான் புதியவர்களோடு இரண்டாம் வரிசையில் நின்று கைதட்டினேன். அதன்பின் பாத்திரம் கழுவினேன். சவர்க்காரம் இல்லை, சாம்பல்.

ஏப்ரில் 26

காய்ச்சல். ஆயினும் சென்றேன். புதிய பிள்ளை ஒருத்தி என்னிடம் சிறுநீரிற் சீனி பார்க்கும் பெனடிக்ற் கரைசலின் நிறங்களைக் கேட்டாள். நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம் என்று கூறி நிறுத்தினேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

யூலை 19

சுவரிலுள்ள கடமைப் பட்டியலில் எனது பெயருக்கு முன்னால் 'பயிலுநர்' என்ற சொல் இன்று இல்லை. சீலா அந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

பெண்கள் வாட்டு, காலைக் கடமை. ஏழு காப்புக் கட்டினேன். இரண்டை வெட்டினேன். ஒன்று, சுகமடைந்து வீடு சென்றவருடையது. மற்றையது, கட்டில் மூன்றில் இருந்த கனகாம்பிகையுடையது. பத்து மணியளவில் இறந்தார். கத்தரிக்கோல் மழுங்கியிருந்தபடியால் சிறிது நேரம் எடுத்தது. அவருடைய மகள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸி, அந்தத் துண்டைத் தாறியளோ?" என்று கேட்டாள்.

கொடுத்தேன்.

நாளையும் காலைக் கடமை. துவைத்த சேலை இன்னும் காயவில்லை.