சுவரில் கட்டிய வெள்ளைத் துணி

அனுப்புநர்:
மாலக்கி டெவேன்,
குத்தகைக் குடியானவன்,
டெரிநாகிலோய், மேயோ மாவட்டம்.

பெறுநர்:
சர் அகஸ்டஸ் வெர்ஷோயல் அவர்கள்,
பண்ணை உரிமையாளர்,
மாளிகை, டெரிநாகிலோய்.

பொருள்: என் வீட்டை வசதியான வீடு என்று கருதிக் குத்தகையை உயர்த்திய உத்தரவை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மகன் சென்ற மாதம் ஊர் திரும்பியபோது, சாலையோரத்து வீடுகள் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தங்கள் காரியஸ்தர் ஆள் விட்டுச் சொன்னார். மறுக்கும் தைரியம் எங்களுக்கு ஏது? வாசலில் கிடந்த சாணக் குவியலைக் கொல்லைக்கு அள்ளிப்போட்டோம். அடித்த சுண்ணாம்பும் அக்கம்பக்கத்தில் இரந்து வாங்கியதுதான்.

2. வெளியே வெளுத்தாயிற்று, உள்ளே சுவரெல்லாம் அடுப்புக் கரி. கதவு திறந்தால் மானம் போகுமே என்று என் மனைவி ஓனோரா, விதவை சபினா கோஃபியிடம் இருக்கும் வெள்ளை லினன் துணிகளை வாங்கிவந்து சுவர் மறையக் கட்டினாள். ஐயா, அவை எங்களுடையவை அல்ல. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பிணம் கிடத்திய கட்டிலைச் சுற்றிச் சுவரில் கட்டுவதற்காக ஊர் முழுவதற்கும் பொதுவாக வைத்திருப்பவை. "எழவுத் துணியை எடுத்து விசேஷத்துக்குக் கட்டுறியே, வெளங்குமாடி?" என்று சபினா அப்போதே திட்டினாள்.

3. தங்கள் துணைவியார் வண்டியை விட்டு இறங்கி எட்டிப்பார்த்து, வீடு அழகாக இருக்கிறதே என்றார்கள். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நானோ, "ஐயா புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்கம்மா" என்று பல்லை இளித்தேன். பக்கத்தில் நின்ற காரியஸ்தர் அதைக் கேட்டுக்கொண்டார். மறுவாரமே குத்தகை ஏறியது. கட்டாவிட்டால் மே மாதம் கூரையைப் பிரித்துவிடுவார்களாம். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையாய்யா உனக்கு?" என்று ஓனோரா தினமும் கேட்கிறாள்.

4. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எனக்கும் என் தம்பிக்கும் சேர்த்து ஒரே கோட்டுதான். அவன் ஞாயிறன்று மாதா கோவிலில் முதல் பூசைக்குப் போய்வந்து கழற்றித் தந்த பிறகே நான் இரண்டாம் பூசைக்குப் போகிறேன். இந்த மனுவை எழுதித்தரும் பள்ளி ஆசிரியருக்கே இது இன்றுதான் தெரியும். அவர் தலை நிமிராமல் எழுதுகிறார், அதுவரைக்கும் நல்லது.

5. ஆகவே, பழைய குத்தகையிலேயே எங்களை இருக்கவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நாளும் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். இந்த வாரம் மட்டும் வேண்டாம்.

நேற்று விடியலில் என் தாயார் இறந்துபோனார். அதே துணிகள் மறுபடியும் எங்கள் சுவரில் தொங்குகின்றன. காரியஸ்தர் இவ்வழியே போக நேர்ந்தால், இதையும் வசதி என்று எண்ணிவிட வேண்டாம் எனத் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் ஐயா.

இடம்: டெரிநாகிலோய்
நாள்: 9 நவம்பர் 1858

தங்கள் நிலத்தில் பிழைக்கும்,
மாலக்கி டெவேன்
(எழுதத் தெரியாததால் சிலுவைக் குறி) ✕