நடுங்காத கை

மார்ச் 4

என் வாயாடிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். குடியை நிறுத்தி இந்த மறுவாழ்வு மையத்துக்கு வந்து இன்று நான்காம் நாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதித் தண்ணீர் சட்டையில்தான். மூன்று மீட்டர் துணியைக் கண் இமைக்காமல் வெட்டுகிற கட்டிங் மாஸ்டருக்கு இப்போது பேனா பிடிக்க வரவில்லை. "நடுங்கட்டும் சார், உடம்பு அதைக் கேட்டு அடம் பிடிக்குது" என்கிறார் டாக்டர். இங்கே நாற்பது நாளைக்குப் போன் கிடையாது. கடிதம் மட்டும்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ போட்ட விவாகரத்து மனு ஏப்ரல் ஒன்பதாம் தேதி கோர்ட்டில் விசாரணைக்கு வருகிறது. அதற்குள் வாபஸ் வாங்கிவிடு. இந்தத் தடவை நிஜமாகவே விட்டுவிட்டேன்.

வாண்டு என்னைத் தேடுகிறாளா?

உன் மாஸ்டர்

மார்ச் 10

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து அழுகையும் சிரிப்புமாக வந்தது. "அப்பா என்னைவிட மோசமா எழுதுறாரே, மிஸ் திட்ட மாட்டாங்களா?" என்கிறாள் உங்கள் மகள். தேடாமல் என்ன? ஆனால் அறைக் கதவைச் சாத்தினால் இன்னும் அலறுகிறாள்.

அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது. வாபஸ் தாளை வக்கீலம்மா தயார் செய்து கொடுத்துவிட்டார். என் அண்ணனுக்குத் தெரியாமல் அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள். இன்னொரு கடிதம் எழுதுங்கள், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 21

என் வாயாடிக்கு,

பார்த்தாயா எழுத்தை! ஓர் எழுத்தாவது வரிசை விட்டு விலகுகிறதா? நேற்று ஊசியில் முதல் தடவையே நூல் கோர்த்தேன். இங்கே தலையணை உறையெல்லாம் கந்தல். நானே வெட்டித் தைத்துக் கொடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரர், "மாஸ்டர், எனக்கு ஒரு கோட்டும் தைச்சிருங்க" என்று ஒரே கிண்டல்.

வாண்டுவின் அளவை அனுப்பு. ஒரு கவுன் வெட்ட வேண்டும். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாய்தானே?

உன் மாஸ்டர்

மார்ச் 27

மாஸ்டருக்கு,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்தேன். அச்சு மாதிரி எழுத்து.

உங்கள் கடைக்குப் பொத்தான் தைக்க வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். சரக்கு உள்ளே இறங்கினால்தான் உங்கள் கை நடுக்கம் நின்று நிதானத்துக்கு வரும். குடித்துவிட்டு வாண்டுவைக் கடைக்குள் மறந்து ஷட்டரைப் பூட்டிப் போனீர்களே, அன்று 'கடை விடுமுறை' என்று ஒட்டிய காகிதத்தில் ஓர் எழுத்துகூடச் சாயவில்லை. அந்தக் காகிதத்துக்குப் பின்னாலிருந்துதான் அவள் அழும் சத்தம் கேட்டது.

அங்கேயும் எப்படியோ கிடைத்துவிட்டது, இல்லையா? சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம். வாபஸ் தாள் அலமாரியிலேயே இருக்கட்டும். எனக்கு அலுத்துவிட்டது.

வாண்டுவின் அம்மா

ஏப்ரல் 3

என் வாயாடிக்கு,

ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. குடியை விட்டால் முதலில் நடுங்குமாம், பிறகு அதுவாகவே நின்றுவிடுமாம். பாவம், உனக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு வருஷத்தில் நான் குடிக்காத மூன்றாவது வாரத்தை உன் கண்ணில் காட்டியதே இல்லையே.

"ரத்தம் டெஸ்ட் பண்ணின சீட்டு தரேன், அவங்களுக்கு அனுப்புங்க" என்றார் டாக்டர். வாங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். சீட்டைக் காட்டினால் நீ வருவாய். வந்து, தினமும் காலையில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கையைப் பார்ப்பாய். நடுங்கினாலும் பயம், நடுங்காவிட்டாலும் பயம். உன்னை அப்படி வாழ வைக்க எனக்கு மனசு வரவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டேன்.

வாபஸ் வாங்கச் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மனுவுக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது.

அளவு வரவில்லை. வாண்டுவின் கவுனைக் குத்துமதிப்பாக வெட்டினேன். பெரிதாக இருந்தால் வைத்திரு, வளர்ந்துவிடுவாள்.

சம்மதத் தாளில் கையெழுத்து கோணியிருக்கிறதே என்று பார்க்காதே. அது குடித்ததாலும் இல்லை, குடிக்காததாலும் இல்லை.

மாஸ்டர்