அம்மா ரோஜா போட்ட பெடல்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
நவம்பர் 6

அன்புள்ள லெஸ்லி அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். எழுத எழுத வாசித்தும் காட்ட வேண்டுமாம். கப்பலில் நீயும் உன் பேண்டு ஆட்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நாங்கள் சுகம்.

உன் கிட்டாருக்கு நீ கேட்ட பெடல் முடிந்துவிட்டது. செய்து முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. 'ஒரு ரிவெர்ப் பெட்டி செஞ்சு குடுடா, உனக்கு ரெண்டு நாள் வேலைதானே' என்று மெசேஜ் போட்டிருந்தாய். ரெண்டு நாள் வேலை என்று சொல்கிற யாரும் சால்டரிங் அயர்னைத் தொட்டதில்லை. பகலெல்லாம் பங்சார் கொண்டோ அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து செய்தேன். பாகங்கள் பாசார் ரோட்டில் வாங்கியவை. அலுமினியப் பெட்டி, மூன்று குமிழ், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். முதல் தடவை பவர் கொடுத்ததும் தேனீக் கூடு மாதிரி இரைந்தது. ஒரு எர்த் வயர் சரியாக ஒட்டவில்லை. மீட்டரை வைத்து ஏழு நிமிடத்தில் கண்டுபிடித்தேன்.

இது எதற்கு என்று அம்மா கேட்டார். கம்பியை விட்ட பிறகும் சத்தம் உடனே அடங்காமல், பெரிய மண்டபத்தில் சுற்றுகிற மாதிரி கொஞ்ச நேரம் சுற்றும் என்றேன். 'நம்ம சர்ச்சுலயும் அப்படித்தான் சுத்துது, அதான் பாஸ்டர் பேசுறது ஒண்ணும் வெளங்கல' என்றார். இதை எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன்.

நீ ஆசைப்பட்ட மாதிரி பெட்டியின் மேல் அம்மாவே ரோஜா போட்டிருக்கிறார். கல்யாணக் கேக்கில் ஐசிங்கால் போடுவாரே, அதே ரோஜா, இந்த முறை எனாமல் பெயிண்டில். நான் வெள்ளை ஸ்ப்ரே அடித்துக் காயவைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். கேபிள் செருகுகிற துளைகளுக்குப் பக்கத்தில், இடதுபுறம் 'உள்ளே' என்றும் வலதுபுறம் 'வெளியே' என்றும் தமிழிலேயே எழுதியிருக்கிறார். மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். மிக அழகாக வந்திருக்கிறது.

உன் பேண்டில் பாஸ் கிட்டார் வாசிக்கிற யுகேந்திரன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கப்பலுக்குத் திரும்புகிறான். நாளை சாயங்காலம் ரயிலேறி கிள்ளானுக்குப் போய் அவனிடம் கொடுத்துவிடுவேன். கூடவே நெத்திலி சம்பல் இரண்டு போத்தல். இந்த முறை கடையில் வாங்கியது.

இதுவரைக்கும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். நன்றாக இருக்கிறது என்றார்.

இனி எழுதுவதை வாசிக்கப் போவதில்லை. அவர் இன்னும் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டு, 'இன்னும் என்னடா எழுதுற' என்கிறார். லிஃப்ட் கதை என்று சொன்னேன். முன்பெல்லாம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எழுத்துப் பிழை திருத்துவார். இப்போது தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார்.

அண்ணே, பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார். இடது பக்கத்து ரோஜாக்கள் சரி. வலது பக்கம் ஒரு ரோஜாவின் மேலேயே இன்னொரு ரோஜா, அதன் மேல் ஒரு இலை. 'இன்னும் எடம் இருக்காடா' என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். இருக்கிறது என்று சொன்னவன் நான்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம், குழாய்க்குள் பார்க்கிற மாதிரி. கண்ணுக்குள் அழுத்தமாம். ஜூலையிலேயே தெரியும். சொன்னால் நீ ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவாய், கம்பெனி மறுபடி எடுக்காது என்று என்னை பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார். வைத்தேன். நான்கு தடவை வாட்ஸ்அப்பில் அடித்து அழித்தேன். வீடியோ காலில் சீலிங் ஃபேனை மட்டும் காட்டுகிறார் என்று ஒவ்வொரு ஞாயிறும் நீ கேலி செய்கிறாயே, அவருக்குக் கேமரா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

டாக்டரிடம் இதைச் சரிசெய்ய என்ன வழி என்று கேட்டேன். போனது வராது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம் என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள், உன் ஒப்பந்தம் முடிகிற மார்ச் வரை தாங்குமா என்றேன். ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும் என்றார். எண் இல்லாத பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். லிஃப்ட் நின்றுபோனால் எந்த ரிலே கெட்டது என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குத் தெரிந்தது, நாலு வேளை மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றுவதுதான். அதிலும் பாதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது.

நம் தெரு நடைபாதையில் பார்வையில்லாதவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கல் இருக்கிறதே, நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் மேலேயே நடந்து பந்தயம் போடுவோமே. போன வாரம் அம்மா செருப்பால் அதைத் தடவித் தடவிக் கடைக்குப் போவதைப் பின்னால் வந்து பார்த்தேன். என்னிடம் சொல்லாமல் பழகிக்கொண்டிருக்கிறார். ஒருத்தன் அதன் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தான். அவனைப் பிடித்துக் கத்தினேன். அவன் 'சோரி பாஸ்' என்று தள்ளிக்கொண்டு போய்விட்டான். அதற்கு மேல் கத்த ஆள் இல்லை.

இன்னொரு விஷயம். பெடலில் ஒரு தப்பு இருக்கிறது, அது என்னுடையது. யுகேந்திரன் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, 'இது கிட்டார்காரன் செஞ்சது இல்லலா பாஸ், லிஃப்ட்காரன் செஞ்சது' என்று சிரித்தான். உங்கள் பெடல்களிலெல்லாம் வலதுபுறம் உள்ளே, இடதுபுறம் வெளியேயாம். சர்க்யூட் படத்தை இடமிருந்து வலமாகப் போட்டுப் பழகியவன் நான், துளையையும் அப்படியே போட்டுவிட்டேன். நீ பதினைந்து வருடம் இந்த வீட்டில் வாசித்திருக்கிறாய். ஒரு நாளாவது உன் காலடியை நான் பார்த்ததில்லை.

வயரை மாற்ற பத்து நிமிடம் போதும். அயர்னைச் சூடாக்கியும் வைத்தேன். மாற்றினால் அம்மா எழுதிய எழுத்து பொய்யாகிவிடும். இன்னொரு தடவை அவரால் எழுத முடியாது. புகை வாசம் பிடித்து வந்து, 'நான் எழுதுனதுல ஏதும் தப்பாடா' என்று கேட்டார். இல்லை என்று சொல்லி பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கேபிளைக் குறுக்காகப் போட்டுக்கொள்.

டிசம்பர் பன்னிரண்டில் உன் கப்பல் சிங்கப்பூருக்கு வருகிறது என்று யுகேந்திரன் சொன்னான். அங்கேயே இறங்கிவிடு. நீ வாசிப்பதை அம்மா எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மார்ச்சுக்குக் காத்திருக்காதே. சத்தியத்தை மீறிய பாவம் என்னோடு இருக்கட்டும்.

இப்போது அம்மாவிடம் பேனாவைக் கொடுக்கிறேன். இரண்டு வரி எழுத வேண்டும் என்கிறார்.

உன் தம்பி,
பிரையன்

லெஸ்லி ராசா, நேரத்துக்குச் சாப்பிடு. நான் நல்லா இருக்கேன். அவசரப்பட்டு வராதே, வேலையை முடிச்சிட்டு நிம்மதியா வா. கர்த்தர் உன் கூடவே இருப்பார்.
அம்மா

அண்ணே, காகிதத்தில் காலி இடத்தை விரல் வைத்துக் காட்டித்தான் கொடுத்தேன். அப்படியும் அம்மா நான் எழுதிய கடைசி வரிகளின் மேலேயே எழுதிவிட்டார். இரண்டும் கலந்து கிடக்கிறது. பிரித்து வாசித்துக்கொள். இந்த ஒரு தடவை மட்டும் அம்மா பேச்சைக் கேட்காதே.