சூரியனின் சேட்டைக்குத் தம்பிக்கு வீட்டுக்காவல்

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், இவன் தேவைக்கு மேலேயே சுகம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா என்பதுதான் எங்களுக்கு நினைப்பு. என் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால்தான் இவன் கையெழுத்து, பயப்படாதே, சுளுக்குதான், இவனைத் துரத்தும்போது கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. அம்மா கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறாள், படித்துப் பார்க்க வழியில்லை.)

விடுமுறைக்குத் தம்பி வருகிறானா இல்லையா என்று நீயும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போன வாரம் வரமாட்டான் என்று முடிவாகி, டிக்கெட்டை ரத்துசெய்ய அப்பா செருப்புகூடப் போட்டுவிட்டார். நடந்ததைச் சொல்கிறேன். பூமியின் காந்தப்புலத்தை அளக்கிற எங்கள் குடிலைப் பற்றி உனக்குத் தெரியும், அடித்த ஆணிகூடப் பித்தளைதான், நானே ஹேர்பின், சாவிக்கொத்து, ஊக்கு எல்லாவற்றையும் தூரத்தில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். (இரும்பே ஆகாதாம், அம்மாவின் மனசை மட்டும் எப்படி உள்ளே விடுகிறார்களோ.) போன மாதம் இவன் பந்து தேட வந்தவன் சைக்கிளைக் குடில் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான், அளவு காட்டும் திரையில் கோடு குபுக்கென்று எகிறி அங்கேயே நின்றுவிட்டது, அன்றைய அளவீடு பாழ், மேலதிகாரி என்னைப் பிழிந்து காயப்போட்டார். இன்னொரு தடவை இரும்போடு இந்தப் பக்கம் வந்தாயானால் அக்கா வீட்டுப் பயணம் கிடையாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

போன வியாழன் மதியம் மறுபடி எகிறியது. வெளியே ஓடி வந்தால் ஐயா வேலியோரம் நிற்கிறார், சட்டைப்பையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம். உனக்குச் சாப்பாடுதாம்மா கொண்டுவந்தேன், வேலியைத் தாண்டவே இல்ல, டப்பாகூட பிளாஸ்டிக், பாரு என்று கத்தினான், யார் காதில் விழுந்தது? (காந்தம் இரும்பை இழுக்கும், அம்மா காதை இழுப்பாள்.) வீடு வரை துரத்தல், சுளுக்கு, இவன் அறைக்குப் பூட்டு. என் மகன் செய்த கோளாறு, இந்த அளவீட்டைத் தள்ளிவிடுங்கள் என்று மேலதிகாரிக்கும் ஒற்றைக் கையால் தட்டி அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக் கணினியில் பார்க்கிறேன், எகிறின கோடு இப்போது சரசரவென்று இறங்குகிறது, நெளிகிறது, மேலும் இறங்குகிறது. பூட்டின அறைக்குள்ளேயிருந்து இவன், அம்மா கோடு எப்படியிருக்கு என்றான். இறங்கிட்டே போகுதுடா என்றேன். நான் இங்கதானே இருக்கேன், அதுவும் நான்தானா என்றான். அதற்குள் அப்பா வேறு, ரேடியோ ஒரே இரைச்சல், என்னடா பண்ணித் தொலைச்சே என்று அதே கதவைத் தட்டுகிறார். அப்போதுதான் மேலதிகாரி கூப்பிட்டார். ஏம்மா, கண்டம் விட்டுக் கண்டம் எல்லா நிலையத்துலயும் அதே நேரத்துல அதே எகிறல், உங்க பையன் அவ்வளவு பெரிய ஆளா என்றார். சூரியன் இரண்டு நாள் முன்பு துப்பின சூடான மேகம் வந்து பூமியின் காந்தப்புலத்தில் மோதி அமுக்கியிருக்கிறது, அதுதான் எகிறல். பிறகு மின்னேற்றம் கொண்ட துகள்கள் பூமியைச் சுற்றி வளைத்து ஓடிப் புலத்தைக் குறைத்திருக்கின்றன, அதுதான் இறக்கம், அப்பாவின் ரேடியோ இரைச்சலுக்கும் அந்தப் புயல்தான் காரணம். பழையபடி ஆக நாலைந்து நாள் பிடித்தது. இரும்பென்றால் கோடு எகிறின இடத்திலேயே நிற்கும், எடுத்தால் திரும்பிவிடும், இத்தனை வருஷம் இதே வேலை செய்கிற எனக்கு அது தெரியாதா? கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் போதும், நான் இவனைப் பார்த்துவிட்டேன்.

ஆகவே வருகிறான். (பூட்டைத் திறந்ததும் வெளியே வர மறுத்தேன். டிக்கெட்டைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளின பிறகுதான் வந்தேன்.) உன் வீட்டில் ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல் எல்லாம் எடுத்து ஒளித்து வை. ஏதாவது உடைந்தால் விசாரித்துவிட்டுத் திட்டு, பெரும்பாலும் இவனாகத்தான் இருக்கும், ஆனாலும் விசாரி. இந்த மாதிரிப் புயலில் வடக்கே ராத்திரி வானம் சிவப்பதுண்டு, அன்று உங்கள் பக்கம் சிவந்ததா, அதையும் எழுது. இவன் ஊரில் இல்லாத மாதம் என் கோடு ஆடாமல் அசையாமல் ஓடும், மேலதிகாரி பாராட்டுவார், எனக்குத்தான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. ரொம்ப நாள் வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிடு. (இந்த வரி காதில் விழாத மாதிரி நடித்து இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.)

நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாயிருக்க எங்கள் ஆசி. வண்டி வரும் நேரத்துக்கு முன்னாலேயே போய் நில், இவன் தனியாக நின்றால் அந்த ஸ்டேஷனுக்கு நல்லதில்லை.

என்றும் உன் நினைவாக,
அம்மா